கங்காணி போய் வெண்டர் வந்தார்

"மாறிவரும் பணிச்சூழலில் மனிதர்களை நிர்வகிப்பது எப்படி?" என்று கருத்தரங்கு நடத்தாத மேலாண்மைக் கல்லூரி இன்று அரிது. வீட்டிலிருந்தே வேலை, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நியமனம், அவுட்சோர்சிங், கிக் வேலை என்று எல்லாமே அங்கே அலசப்படும். புராஜெக்ட் மேனேஜர் தன் டீமின் மனநலத்தை எப்படிக் காக்க வேண்டும் என்றுகூட வகுப்பெடுப்பார்கள். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் நிர்வகிக்கும் அந்த 'மனிதர்கள்' யார்? யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கொடைக்கானல் பொருத்தமான இடம். கொரோனாவுக்குப் பிறகு மடிக்கணினியோடு மலையேறி, 'வொர்க்கேஷன்' என்ற பெயரில் வாரக்கணக்கில் தங்கி வேலை பார்ப்பது நாகரிகமாகிவிட்டது. காட்டேஜ் விளம்பரங்களில் பனிமூட்டத்துக்குப் பக்கத்திலேயே வைஃபை வேகமும் இடம்பெறுகிறது. பெங்களூரில் இருக்கும் மேனேஜருக்கு அந்த அறையில் இருப்பவர் ஒரு 'ரிசோர்ஸ்'. காலையில் வெந்நீர் போடுபவர், படுக்கை விரிப்பைத் துவைப்பவர், கழிவறை கழுவுபவர், குப்பையைச் சரிவில் தூக்கிக்கொண்டு போகிறவர் எந்த புராஜெக்டின் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான வேலை நடக்கிறது. ஒன்றுக்கு ஹெச்.ஆர். கொள்கை இருக்கிறது. மற்றொன்றுக்கு மேஸ்திரியின் செல்போன் எண் இருக்கிறது.

வேலையின் வடிவம் எத்தனை முறை மாறினாலும், யாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துவது என்பதை இந்த நாட்டில் சாதிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அப்படி நிறுத்துவதற்கு ஓர் இடைத்தரகர் எப்போதும் தேவைப்படுகிறார். அவருடைய பட்டம்தான் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

ஏரியை வெட்டியவர் யார்?

கொடைக்கானல் நகரமே ஒரு புராஜெக்ட்தான். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். பிறகு மேஜர் லாவின் பெயரில் மலைச்சாலை வந்தது. சுற்றுலாக் கையேடுகளில் இந்தப் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. மண் சுமந்தவர், பாறை உடைத்தவர் பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

சாலை வருவதற்கு முன்பு வெள்ளைக்காரக் குடும்பங்கள் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரை நாற்காலியிலும் டோலியிலும் மேலே வந்தார்கள். அந்த நாற்காலிகள் மனிதத் தோள்களின் மேல் ஏறின. இந்த மலையில் 'மனித மேலாண்மை' தொடங்கிய விதம் அதுதான். எத்தனை தோள் வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், ஆள் பிடித்துத் தர ஒருவர் இருந்தார்.

அந்த முறை அதன் முழு உருவத்தை எடுத்தது தோட்டங்களில். தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணி வழியாக மக்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். போனவர்களில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பெரிய கங்காணி பெரும்பாலும் சாதி ஏணியில் அவர்களுக்கு மேலே நின்றவர். துரை அவரோடு மட்டும் பேசினால் போதும். ஊரிலிருந்த சாதி அதிகாரம் அப்படியே மேற்பார்வை அதிகாரமாக மாறியது. தோட்டத்துக்கு அதனால் ஒரு செலவும் இல்லை.

அதன் உறுப்புகளைக் கவனியுங்கள். வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது. இன்று ஒப்பந்த நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுகிறது. அன்று தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் தலையில் இருந்த கடனைக் காட்டும் 'துண்டு' வேண்டும். இலங்கையில் 1921-இல்தான் அது ஒழிந்தது. இன்று பாண்டு பத்திரமும் ரிலீவிங் லெட்டரும் இருக்கின்றன. அன்று விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்து ஆள் எண்ணினார்கள். இன்று காலை 'ஸ்டாண்ட்-அப்' மீட்டிங்கில் நேற்று என்ன முடித்தாய் என்று கேட்கிறார்கள். அன்று கொழுந்து எடை குறைந்தால் 'அரைப்பேர்'. இன்று ரேட்டிங் குறைந்தால் ஆப் தானாகவே ஆர்டரைக் குறைக்கிறது.

இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று நான் சொல்லவில்லை. லயத்தில் அடைபட்டுக் கிடந்தவரையும் குளிரூட்டிய அறையில் இருப்பவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆனால் 'புதிய போக்கு' என்று நமக்கு விற்கப்படுவதில் பாதிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

பாதரசமும் இடம்பெயர்ந்தது

வேலையை ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இணையம் வந்த பிறகு தோன்றிய போக்கு என்று நினைப்பவர்கள், செயின்ட் மேரீஸ் சாலையில் மூடிக்கிடக்கும் தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய சீஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. எந்திரம் அங்கிருந்து வந்தது. கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்து முடித்த தெர்மாமீட்டர் மறுபடி வெளிநாட்டுக்கே போனது. இந்த மலையிலிருந்து அந்த புராஜெக்ட் எடுத்துக்கொண்டது உடல்களை மட்டும். 1987-இல் யூனிலீவர் சீஸ்ப்ரோ-பாண்ட்ஸை வாங்கியது. பிறகு ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது.

நிரந்தரத் தொழிலாளர்களும் தற்காலிகத் தொழிலாளர்களும் அங்கே வேலை செய்தார்கள். கையாளும் பொருளின் ஆபத்தைத் தங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்றும், போதிய பாதுகாப்புக் கருவிகள் தரவில்லை என்றும் அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சிறுநீரகப் பாதிப்பையும் நரம்புத் தளர்ச்சியையும் இளவயது மரணங்களையும் பட்டியலிட்டார்கள். தொழிலாளர்களின் உடல்நலம் ஆலையால் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் பதில்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கழிவைத் திருப்பி அனுப்பலாம். மூச்சில் போனதை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

2006-இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015-இல் சோபியா அஷ்ரஃப்பின் ராப் பாடல் உலகம் முழுவதும் பரவி நிறுவனத்தின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மூடி 15 ஆண்டுகள் கழித்து! தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லப்படவில்லை. கொடுத்ததற்கு நிறுவனம் வைத்த பெயர் 'கருணைத் தொகை'. மனிதாபிமான அடிப்படையாம்.

அந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். வேலை செய்தவருக்கு வேலையால் வந்த கேட்டுக்குத் தருவது இழப்பீடு, அது உரிமை. கருணை என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் போடுவது. களத்தில் நெல் அளந்து போடும் ஆண்டையும் அதைத்தான் செய்தார். உரிமையைக் கருணையாக மாற்றும் வித்தை சாதிச் சமூகத்துக்குப் புதிதல்ல. பன்னாட்டு நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கும் அது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆலை நிலத்தின் மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதிலும் இதே சண்டைதான். கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோல் ஏற்கப்பட்டது. பாம்பார் சோலையின் விளிம்பில் இருக்கும் மண்ணுக்கு இது போதாது, பணக்கார நாடுகளில் கேட்கப்படும் சுத்தம் இங்கேயும் வேண்டும் என்று சூழலியலாளர்கள் வாதாடினார்கள். வேலையை எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்கும்போதே, எங்கே எவ்வளவு நஞ்சு பரவாயில்லை என்ற முடிவும் சேர்ந்தே எடுக்கப்படுகிறது. மனிதர்களைத் தரம் பிரிக்கும் கணக்கு புராஜெக்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

'மையமில்லாத' வேலை

அது பழைய கதை, இப்போது சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. என்ன சட்டம் என்று பார்ப்போம்.

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்று அந்த எண்ணிக்கையை 50 ஆக்கியது. கொடைக்கானலில் ஒரு விடுதிக்கு 50 ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்? 49 பேரோடு நிறுத்திக்கொண்டால் ஒப்பந்தத் தொழிலாளர் அத்தியாயமே அவருக்குப் பொருந்தாது.

அதைவிட முக்கியம் அதே சட்டத்தில் வரும் 'மையப் பணி' என்ற வரையறை. ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது சட்டம். நல்லது. எது மையப் பணி அல்ல? அந்த நிறுவனமே அதற்காக நடத்தப்படவில்லை என்றால் பெருக்குதல், துப்புரவு, குப்பை அள்ளுதல், காவல், உணவகம், சுமை ஏற்றி இறக்குதல், தோட்ட வேலை, அறை பராமரிப்பு, சலவை ஆகியவை மையப் பணி ஆகா.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். குப்பை, கழிவு, அழுக்குத் துணி, சுமை. ஊரில் சேரிக்கு என்று ஒதுக்கிய வேலைகள், 'மையமில்லாதவை' என்ற பெயரில் சட்டப் புத்தகத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஊருக்கு நடுவே இருப்பவர், ஊருக்கு வெளியே இருப்பவர் என்பதை மேலாண்மை மொழியில் எழுதினால் மையம், மையமில்லாதது என்று வரும். கழிவறை ஒரு வாரம் கழுவப்படாமல் கிடந்தால் எந்த மென்பொருள் வளாகம் திறந்திருக்கும்? நின்றுபோனால் எல்லாம் நின்றுவிடும் வேலையை மையமில்லாதது என்று சொல்வதற்குப் பொருளாதாரக் காரணம் கிடையாது. சாதிக் காரணம் உண்டு.

சாக்கடை, கழிவுத்தொட்டித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்த ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டம் 2024-இல் வெளியிட்ட தகவல்: கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் ஆறில் ஒரு பங்கு. இந்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கு. எந்த ஆள்தேர்வு மென்பொருளும் தேவைப்படாமலே இவ்வளவு துல்லியமாக ஆள் எடுக்கப்பட்டிருக்கிறது!

திராவிட மாடல் பேசும் மாநிலமும் இதில் பின்தங்கவில்லை. 2022 அக்டோபரில் வெளிவந்த அரசாணைகள் 139, 152 நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி அவுட்சோர்சிங்குக்குக் கதவைத் திறந்தன. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீசைக் கொண்டு அவர்களை அப்புறப்படுத்தினார்கள். கொரோனா காலத்தில் காலில் மலர் தூவப்பட்டவர்கள் அவர்கள். மலர் தூவுவது கருணைக் கணக்கு. நிரந்தரப் பணி உரிமைக் கணக்கு. அரசுக்கு முதல் கணக்கு மட்டும் எளிதாக வருகிறது.

2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியபோது சொன்ன காரணமும் 'நெகிழ்வான வேலை நேரம்'தான். எதிர்ப்புக்குப் பணிந்து மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த அண்ணல் அம்பேத்கர் எட்டு மணி நேர வேலைக்காகப் பாடுபட்டார். அதை நெகிழ்த்துவதை முன்னேற்றம் என்று நம்மிடமே சொல்கிறார்கள்.

டீமுக்குள் இருப்பவர்களுக்கும் இதே கதை

"நான் பட்டியலுக்குள் வந்துவிட்டேன், எனக்கு ஐ.டி. வேலை" என்று நினைக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்பு குறைவாக வந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, பக்கத்துலயா? குலசாமி எது?" என்று மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கலிஃபோர்னியா மாநில அரசே வழக்குப் போட்டது. 2023-இல் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே ஆண்டு சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் தடுத்து நிறுத்தினார். சாதி கடல் கடக்கும் என்பதற்குச் சான்று அங்கே அரசு ஆவணமாகக் கிடக்கிறது. நம் ஊர் நிறுவனங்களின் ஹெச்.ஆர். கையேட்டில் 'சாதி' என்ற சொல்லையே தேட வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்தே வேலை செய்வது தலித் இளைஞர்களுக்கு நல்லதுதானே, சாப்பாட்டு மேசைக் கேள்விகளிலிருந்து தப்பலாமே என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். கேள்வி சரியானது. அந்த நிம்மதி உண்மை, அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்க்க முதலில் வீடு வேண்டும். நகரத்தில் வாடகை வீடு கேட்கும்போது அதே மூன்று கேள்வி வருகிறது. தனி அறையும் தடையில்லாத மின்சாரமும் சிக்னலும் கிடைக்கும் தெருவில் யார் குடியிருக்கிறார்கள்? பதவி உயர்வை முடிவு செய்யும் பேச்சு அலுவலகத்துக்கு வெளியே, ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும்போது அங்கே யார் இருக்கிறார்கள்? சாதியின் பார்வையிலிருந்து ஒளிந்துகொள்ள ஓர் அறை கிடைப்பது விடுதலை ஆகாது.

எங்கள் ஆய்வு உலகமும் விலக்கல்ல. நான் பணியாற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் மலைப்பாதையும் மரமும் தெரிந்த பளியர் ஒருவர் இல்லாமல் ஒரு நாள்கூடக் களப்பணி நடந்திருக்காது. எந்தச் செடி எங்கே பூக்கும், எந்த ஓடை எப்போது வற்றும் என்று சொன்னவர் அவர். கணக்கில் அவர் கூலி 'இதரச் செலவு' என்ற தலைப்பில் போனது. அறிக்கையின் நன்றியுரையில் வாகன ஓட்டுநர் பெயர்வரை இருந்தது, அவர் பெயர் இல்லை. அறிவு அவருடையது, புராஜெக்ட் எங்களுடையது.

இது வர்க்கப் பிரச்சினை மட்டும்தானா?

ஒப்பந்த முறை எல்லாச் சாதித் தொழிலாளியையும்தான் சுரண்டுகிறது, இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள் என்பது இடதுசாரித் தோழர்கள் சிலரின் கேள்வி. 1938-இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர் இதற்கு விடை சொல்லிவிட்டார். முதலாளித்துவத்தோடு பார்ப்பனியத்தையும் தொழிலாளியின் எதிரியாக அவர் அங்கே அடையாளம் காட்டினார். தண்டவாளத்தில் பாடுபடும் கேங்மேன் வேலையோடு தலித் தொழிலாளி ஏன் நின்றுவிடுகிறார் என்று காட்டினார். போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குள்ளும் வேலை செய்ய வேண்டும், அதனால் அந்த வேலை அவருக்குக் கிடைக்காது. பஞ்சாலையிலும் நெசவுப் பிரிவின் கதவு அவருக்கு மூடியே இருந்தது. ஒரே முதலாளி, ஒரே சங்கம், ஆனால் உள்ளே இரண்டு தொழிலாளிகள்.

இன்றைய வளாகத்திலும் அப்படித்தான். ஐ.டி. ஊழியரின் ஆட்குறைப்புக்குக் குரல் கொடுக்கும் நாம், அதே கட்டடத்தின் துப்புரவு ஒப்பந்தம் கைமாறி ஒரே இரவில் ஆட்கள் மாறும்போது கவனிப்பதுகூட இல்லை. அவர்கள் 'வெண்டர் ஆட்கள்'. அந்த இரண்டு சொற்களில் நம்முடைய சாதி அறியாமை மொத்தமும் அடங்கியிருக்கிறது.

ஆகவே கோரிக்கைகளை நேராக வைப்போம்.

ஒரு புராஜெக்டுக்காக உழைக்கும் ஒவ்வொருவரின் பெயரும், எத்தனை கை மாறி வந்தாலும், அந்த புராஜெக்டை நடத்தும் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். விபத்துக்கும் நோய்க்கும் பொறுப்பு அங்கேதான் நிற்க வேண்டும். துப்புரவையும் பராமரிப்பையும் மையமற்றவை என்று ஒதுக்கும் வரையறை நீக்கப்பட வேண்டும். அரசாணைகள் 139, 152 திரும்பப் பெறப்பட வேண்டும், தூய்மைப் பணி நிரந்தரப் பணியாக வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-இன் சட்டம் உள் குழுவைக் கட்டாயமாக்கியதைப் போல, சாதிப் பாகுபாட்டுக்கும் ஒவ்வொரு பணியிடத்திலும் குழு வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் அதில் புகார் தர முடிய வேண்டும். எந்த வேலையில் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கைத் தனியார் நிறுவனங்கள் வெளியிட வேண்டும்.

இவை நடக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் வேலை பார்க்கும் புராஜெக்டில் நாளைக்கே ஒரு கேள்வி கேட்கலாம். நம் தளத்தைக் கழுவுகிறவர்களின் பெயர் என்ன, அவர்களுக்கு எவ்வளவு கூலி, அதில் தரகு எவ்வளவு, அவர்களுக்கு வார விடுமுறை உண்டா? மேனேஜருக்குத் தெரியவில்லை என்றால், அவர் நிர்வகிப்பது மனிதர்களை அல்ல என்பது தெரிந்துவிடும். அந்தக் கேள்வியைச் சங்கத்தின் தீர்மானமாக்குங்கள். கங்காணி முறை தானாக ஒழியவில்லை. கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்டவர்கள் இருந்ததால் ஒழிந்தது.